சாக்கு இழுக்காத செம்மண்

ஆலங்கிணறு பஞ்சாலைக்குப் பின்னால் இருக்கிற டென்னிஸ் கோர்ட், தன் காதில் விழுந்த ஆட்டத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்று ஊருக்குத் தெரியவந்தது ஓர் ஆனி மாதத்தில்; அதற்கு முன்னால் எத்தனையோ பேர் மிதித்தும் சறுக்கியும் விழுந்தும் எழுந்தும், அது மற்ற ஊர்ச் செம்மண்ணைப் போல வாயை மூடிக்கொண்டுதான் கிடந்தது.

கோர்ட்டின் ஓரத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. ஆட்டம் முடிந்து வியர்வை அடங்கி, மில் விளக்கு எரிகிற நேரம்வரை அதில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் மூன்று பேர்: மருந்துக்கடை சிக்கந்தர் பாய், மில்லில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற வெங்கடசுப்பு, பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிற அருளப்பன் சார். மூன்று பேருக்கும் முழங்கால் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. புல்தரையில் பந்து தரையை நக்கிக்கொண்டு போகும், அதுதான் ராஜ ஆட்டம் என்பார் வெங்கடசுப்பு, சென்னையில் ஒரே ஒருமுறை ஒரு புல் கோர்ட்டைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்த தைரியத்தில். "புல்லு ஆடு மேயறதுக்கு சாமி. மனுசன் யாருன்னு செம்மண்ணுலதான் தெரியும்" என்பார் சிக்கந்தர் பாய். சிமெண்ட் கோர்ட்டில் ஆடினால் முழங்கால் டாக்டருக்குத்தான் லாபம் என்பதில் மட்டும் மூவரும் ஒன்று. இந்தச் சண்டை தினமும் நடந்தது, தினமும் அதே இடத்தில் நின்றது.

அந்த ஆனி மாதச் சாயங்காலம் சிக்கந்தர் பாய், ஸ்பெயின் நாட்டு இடதுகைக்காரன் ஒருவன் ஐந்தாவது செட்டில் தோற்கிற நிலையிலிருந்து எழுந்து வந்த கதையைச் சொன்னார். மேலப்பாளையத்தில் தங்கச்சி வீட்டு டிவியில் பார்த்தது, வலது மூலையிலிருந்து இடது மூலைக்கு அவன் சறுக்கிக்கொண்டே போய் அடித்த அடியில் தங்கச்சி மாப்பிள்ளை கையிலிருந்த டீயைக் கவிழ்த்தது, எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் விடியற்காலை மார்க்கர் பிச்சைக்கனி சாக்கு இழுக்க வந்தான். கோர்ட்டைப் பராமரிக்கிறவனை மார்க்கர் என்பார்கள். ஈரச் சாக்கை ஒரு கம்பில் கட்டி மண்ணின்மேல் இழுத்து, நேற்றைய தடங்களையெல்லாம் அழித்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டுத் தருவது அவன் வேலை. முந்தின சாயங்காலமே அவன் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்த கோர்ட்டில், ஊரில் ஒருத்தருக்கும் இல்லாத பெரிய ஷூ ஒன்றின் தடம் வலது மூலையிலிருந்து இடது மூலைக்குச் சறுக்கிக்கொண்டு போயிருந்தது. வேலி தாண்டி எவனோ வந்து ஆடியிருக்கிறான் என்று பிச்சைக்கனி டென்னிஸ் கிளப் செயலாளரிடம் சொன்னான். செயலாளர் நேரம் தவறி ஆடியதற்கு அபராதம் என்று பலகையில் எழுதிப் போட்டார். யாருக்கு அபராதம் என்று அவரும் எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வெங்கடசுப்பு, "பாய், நேத்துச் சொன்னீரே அந்த மேட்ச்" என்று ஆரம்பித்தபோது, சிக்கந்தர் பாய் எந்த மேட்ச் என்றார். தங்கச்சி மாப்பிள்ளை டீயைக் கொட்டியது நினைவிருந்தது, எதற்காகக் கொட்டினார் என்பது இல்லை.

இப்படித்தான் ஊர் தெரிந்துகொண்டது. பெஞ்சில் உட்கார்ந்து, வெளிச்சம் போவதற்குள், கண்ணால் பார்த்த ஓர் ஆட்டத்தைச் சொன்னால் மறுநாள் விடியும்போது அது மண்ணில் இருக்கும், சொன்னவர் தலையில் இருக்காது. ஊர் இதற்கு ஒன்றும் மலைத்துப் போகவில்லை. எதற்குப் பயன்படும் என்று யோசித்தது. வங்கி மேலாளர் ஒருவர், மாவட்டப் போட்டியில் ஜெயிக்கிற நேரத்தில் இரண்டு சர்வீஸையும் வலையில் அடித்துத் தோற்று வருஷக்கணக்காகத் தூக்கம் கெட்டவர், பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் உடம்பில் சதை போட்டது. சாத்தூரிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் தோற்றவர்கள் பஸ் ஏறி வந்தார்கள். வேலிக்கு வெளியே சுண்டல் வண்டி நின்றது. மருமகளோடு போட்ட சண்டையை ஓர் அம்மாள் வந்து முழுதாகச் சொல்லிப் பார்த்தாள், மண் அதை ஏற்கவில்லை, அதற்கு டென்னிஸ் மட்டும்தான் வேண்டியிருந்தது. பங்குச் சாமியார் இது கடவுள் செய்த புதுமை என்றும் சொல்லவில்லை, பிசாசு என்றும் சொல்லவில்லை. குருமடத்தில் படிக்கிறபோது தோற்ற ஓர் ஆட்டத்தை யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். காலையில் தடங்களைக் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும், வெயில் ஏறுவதற்குள் பிச்சைக்கனி சாக்கை இழுத்துவிடுவான், பிறகு அந்த ஆட்டம் தலையிலும் கிடையாது தரையிலும் கிடையாது. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை, எதற்கு வருத்தப்பட வேண்டும் என்பதே அவர்களுக்கு மறந்து போயிருந்தது.

செசிலி வந்தது ஆவணியில்.

மில்லில் நூற்புப் பிரிவில் வேலை செய்கிறவள் செசிலி, புருஷன் செத்தபிறகு இரண்டாம் ஷிப்டை விடாமல் பிடித்துக்கொண்டு ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். அந்தப் பிள்ளை விண்ணரசி. கோர்ட்டில் பந்து பொறுக்கிப் போட வந்த சின்னப் பெண்ணை அருளப்பன் சார் கவனித்து, மில் கேட்டில் காத்திருந்து செசிலியிடம், "நல்லா வருவாம்மா இந்தப் பிள்ள. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க" என்று சொன்னார். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று செசிலிக்கு இருந்தது, சாரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. "நாளைக்கு வருவா சார்" என்றாள். அவர் கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னாள், ஒரு வருஷம் சொன்னாள், கடைசியில் பிள்ளை தானாகவே ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டது. விண்ணரசி மாவட்டத்துக்கு ஆடினாள், பல்கலைக்கழகத்துக்கு ஆடினாள், செசிலி இரண்டாம் ஷிப்டில் இருந்தாள். போன கார்த்திகையில் டெங்குக் காய்ச்சல் என்று படுத்த விண்ணரசி எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது வயது.

"பாய், என் பிள்ள ஆடுனதச் சொல்லுங்க" என்றாள் செசிலி, மில் அங்கியோடு, தலையில் பஞ்சு ஒட்டியபடி பெஞ்சுக்கு முன்னால் நின்று.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "சொன்னா எங்களுக்கு மறந்து போகும்மா" என்றார் சிக்கந்தர் பாய்.

"மறந்தா என்ன பாய். மண்ணுல இருக்கும்ல. நீங்க இன்னைக்கு இருப்பீங்க நாளைக்குப் போவீங்க, கோவிச்சுக்காதீங்க. மண்ணு எங்க போவுது?"

யோசித்துப் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம், மழை பெய்கிற ஊரில் எந்தத் தாயும் செய்யக்கூடாத காரியம். ஆனால் தன் பிள்ளை ஓடியதை ஒருநாளும் உட்கார்ந்து பார்க்காதவளுக்கு, ஊரெல்லாம் பார்த்ததை இப்போதாவது பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டது, அந்தப் பசிக்கு முன்னால் ஐப்பசி மழை எந்த மூலைக்கு? சிக்கந்தர் பாய் அன்றைக்கே ஓர் ஆட்டத்தைச் சொன்னார். சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் கொஞ்சம் பாரம் இறங்கினதுபோல இருந்தது, அதைச் செசிலி பார்க்கவில்லை.

விடியற்காலையில் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்கோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஷூவின் தடம். சர்வீஸ் போடும்போது விண்ணரசி வலது காலை இழுப்பாள், அதனால் எந்த ஷூ வாங்கினாலும் வலது பெருவிரல் பக்கம் முதலில் தேயும். அந்தத் தேய்ந்த இடம் மண்ணில் பிறை போல விழுந்திருந்தது. வீட்டில் கட்டிலுக்கடியில் இருக்கிற ஷூவைச் செசிலி எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. மண்ணில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள், போன கார்த்திகையில் வராத அழுகை. பிச்சைக்கனி சாக்கை மடக்கி வைத்துவிட்டான். அன்றைக்கு யாரும் ஆடவில்லை.

மறுநாளும் ஆடவில்லை. செயற்குழு கூடியது. சட்டப்படி கோர்ட் ஆடுவதற்குத்தான் என்று ஆரம்பித்து, இறந்தவர்களுக்கு ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் மௌனம் காப்பதில்லையா என்று திரும்பி, அந்த ஒரு நிமிடத்தை மழைவரைக்கும் நீட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. கயிறு கட்டினார்கள். ஊரில் அவரவர் வைத்திருந்த விண்ணரசியைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். கூட ஆடிய பெண்கள் வந்தார்கள், தோற்கடித்தவர்கள் வந்தார்கள், தோற்றவர்கள் வந்தார்கள், சுண்டல் வண்டிக்காரர் வேலிக்கு வெளியே நின்று பார்த்த அரை ஆட்டத்தை வந்து சொன்னார். காலைதோறும் செசிலிக்கு ஒரு புதுத் தடம் கிடைத்தது. வலைக்கு ஓடிவந்தது, பின்னால் போய் நின்றது, முழங்கால் ஊன்றி விழுந்தது. விழுந்த இடத்தைப் பார்த்த அன்று, அந்தக் காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டது ஞாபகம் வந்து, ஆறிய புண்ணை ஊதுவது மாதிரி மண்ணை ஊதினாள். அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புரட்டாசியில் தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். சிக்கந்தர் பாய் மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டே, "ரொம்ப அலையிறீங்கம்மா. வீட்டுல பிள்ளைங்க யாரும் துணைக்கு இல்லியா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். டென்னிஸைத் தவிர வேறெங்கும் விண்ணரசியை அவர் அறிந்ததில்லை, அறிந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்திருந்தார். செசிலி மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தெருவில் பாதி தூரம் வந்தபிறகுதான் நின்று கடையைத் திரும்பிப் பார்த்தாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கொடுத்தவர்களிடம் இனி ஒன்றும் இல்லை, கொடுக்காதவர் ஒருவர்தான் பாக்கி, எல்லாரையும்விட அதிகம் வைத்திருக்கிறவரும் அவர்தான் என்று அவள் புத்தி கணக்குப் போட்டது.

அருளப்பன் சார் ஆவணியிலிருந்து வாயைத் திறக்கவில்லை. பெஞ்சுக்கு வருவார், புல்தரை பெரிசா செம்மண் பெரிசா என்று பேசுவார், விண்ணரசி பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். "என்கிட்ட இருக்கிறது என்கிட்டயே இருக்கட்டும் செசிலி" என்றார், அவள் வீடுதேடிப் போனபோது. "அந்தப் பிள்ளைக்குப் பேக்ஹேண்டு அடி வரதுக்கு ரெண்டு வருசம் ஆச்சு. அத நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"நான் பாக்கலியே சார். நான் ஒண்ணுமே பாக்கலியே."

"ஒரு மேட்ச் பாத்தீங்கல்ல."

ஒன்று பார்த்திருந்தாள். அதைச் செசிலி பெஞ்சில் சொன்னதில்லை. நான் சொல்கிறேன், நான் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லவில்லை, பயமில்லை. மாவட்ட இறுதி ஆட்டம் இதே கோர்ட்டில் நடந்தது. செம்மண்ணில் பந்து விழுந்த தடம் நிற்கும். சந்தேகம் வந்தால், எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்து ஆட்டக்காரர் போய்த் தடத்தைப் பார்த்து, பந்து உள்ளேதான் என்றால் காலால் தேய்த்து அழித்துவிட வேண்டும், அழித்தால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். வேறு யாரும் அதை அழிக்கக்கூடாது. கடைசிப் பந்து விண்ணரசியின் பக்கம் கோட்டோரம் விழுந்தது. வெளியே, வெளியே என்று கூட்டம் கத்தியது. அவள் போய்க் குனிந்து பார்த்தாள், காலால் தேய்த்தாள், எதிரியிடம் கை நீட்டிக்கொண்டு போனாள். ஷிப்டுக்கு நடுவே அரைமணி அனுமதி வாங்கி வந்து வேலியோரம் நின்ற செசிலி, பிள்ளை என்னத்தையோ நசுக்கி ஜெயித்துவிட்டாள் என்று நினைத்து, அத்தனை பேர் மத்தியில் தனியாகக் கைதட்டினாள். விண்ணரசி கோர்ட்டுக்கு நடுவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எம்மா, நான் தோத்துட்டேம்மா" என்றாள். செசிலிக்கு இருந்தது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் இந்தத் தடங்கள் யாருடையவை என்று சொல்ல ஆள் இருக்காது என்கிற அளவுக்கு அவளுக்குத் தெளிவு இருந்தது.

ஐப்பசி பிறந்து மேகம் கூடியது. செசிலி மில்லில் கெஞ்சித் தார்ப்பாய் வாங்கிவந்து, பிச்சைக்கனியும் அவளுமாக விரித்து, ஓரமெல்லாம் செங்கல் வைத்தார்கள். காற்று செங்கல்லைப் புரட்டிப் போட்டது. திரும்ப வைத்தார்கள். மழைக்கு முன்னால் முழுசாக ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. வேலைக்குப் போகவில்லை, சோறு ஆக்கவில்லை, அருளப்பன் சார் பெஞ்சுக்கு வருகிற நேரம் பார்த்துப் போய் அவர் காலடியில் மண்ணில் உட்கார்ந்துகொண்டாள், எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்கவில்லை.

"அவ ஓடுறத எனக்குக் காட்டுங்க சார். ஒருக்கா முழுசா பாத்துட்டா நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

வெங்கடசுப்பு தாங்கமாட்டாமல் எழுந்து போனார். அருளப்பன் சார் தார்ப்பாயை எடுத்துவிடச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். பந்து பொறுக்க வந்தபோது அவள் பந்தை எறிந்த விதத்திலிருந்து ஆரம்பித்தார், மட்டை பிடிக்கத் தெரியாமல் துடைப்பம் போலப் பிடித்தது, முதல் சர்வீஸ், முதல் அழுகை, பேக்ஹேண்டு வராத இரண்டு வருஷம், அது வந்த அந்த ஒரு காலை, அன்றைக்கு அவளுக்குப் பரோட்டா வாங்கிக்கொடுத்தது, மதுரையில் ஜெயித்தது, கால் மடங்கியும் கோயமுத்தூரில் ஆடி முடித்தது, எல்லாவற்றையும் ஒரு பாட்டம் ஒப்பாரியைப் போல விடாமல் சொல்லிக்கொண்டே போனார், மில் விளக்கு எரிகிறவரை சொன்னார். முடித்ததும் எழுந்து, வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு, "என்னத்தையோ எடுத்துட்டு வந்தேனே" என்று பெஞ்சுக்கடியில் தேடிவிட்டுப் போனார்.

விடிந்தபோது கோர்ட் நிறைந்திருந்தது. மூலைக்கு மூலை, கோட்டுக்குக் கோடு, மண் தெரியாத அளவுக்கு விண்ணரசி. சின்னக் கால் பெரிய காலாகிக்கொண்டே போனது. செசிலி ஓரமாகச் சுற்றிச்சுற்றி நடந்தாள். ஒரு பிள்ளை எட்டு வருஷம் ஓடிய ஓட்டத்தை ஓர் அம்மா ஒரே காலையில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் அழவில்லை. "ஓடு ஓடு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழக்கே விடிந்த வெளிச்சத்தை மேற்கே எழுந்த கருப்பு விழுங்கிக்கொண்டே வந்தது.

பிச்சைக்கனி தார்ப்பாயோடு ஓடிவந்தான். விரித்த பக்கமே காற்று அதைப் பிடுங்கி வேலியில் கொண்டுபோய் அறைந்து கிழித்தது. அவன் கிழிசலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் அருளப்பன் சார் குடையோடு வந்தார். கயிற்றருகே நின்று கோர்ட்டைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, ஒவ்வொரு தடமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார். செசிலி அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு தடமாவது அவரைத் திரும்பிப் பார்க்க வைக்காதா, ஒரு பேராவது வாயில் வராதா என்று காத்திருந்தாள்.

"யாரும்மா இது ஆடுனது?" என்றார் அவர்.

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த தடத்துக்குக் குனிந்தார்.

"வலது கால இழுக்குறா பாருங்க. அத மாத்தக்கூடாது, அதுதான் அவ பலம், யாராவது மாத்திவிட்டுருவாங்க. இங்க பாருங்க, இந்தப் பந்துக்கு வேற யாரும் ஓடியிருக்க மாட்டாங்க. இவ ஓடியிருக்கா." அவர் முகம் பரபரத்தது, நாற்பது வயது குறைந்து போனதுபோல இருந்தது. "உங்க பிள்ளையா?"

"ஆமா சார்."

"பேரு?"

"விண்ணரசி."

"நல்லா வருவாம்மா இந்தப் பிள்ள" என்றார் அருளப்பன் சார். "நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க."

முதல் துளி பின்கோட்டுக்குப் பக்கத்தில், பிறை போலத் தேய்ந்த அந்தத் தடத்தின் மேலேயே விழுந்தது. பிறகு மழை அப்படியே இறங்கிவிட்டது. செசிலி ஓடிப்போய்ச் சேலையை விரித்து மறைக்கப் பார்த்தாள், ஒரு பாதத்தை மறைத்தால் நூறு பாதம் கரைந்தது. சார் குடையை அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, நனையாதீங்கம்மா, காய்ச்சல் வந்துரும் என்று சொல்லிக்கொண்டே நின்றார். தடத்தை அழிக்க வேண்டியவள் அந்தப் பக்கத்து ஆட்டக்காரி. மழை அழித்ததைச் செசிலி ஒத்துக்கொள்ளவில்லை. சிவந்து ஓடுகிற தண்ணீரில் மண்டியிட்டபடியே நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நாளைக்கு வருவா சார்" என்றாள்.

மழைக்காலம் முடிந்து பிச்சைக்கனி புதுச் சாக்கு கட்டினான், கோடு போட்டான், ஊர் திரும்ப ஆட ஆரம்பித்தது. அந்த மழைக்குப்பிறகு கோர்ட் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை, சுண்டல் வண்டியும் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டது. செசிலி முதல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். தினமும் விடியற்காலை வேலைக்குப் போகிற வழியில் வேலியோரம் நிற்கிறாள். அருளப்பன் சார் அவளைப் பார்த்ததும் பந்துக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வருகிறார்.

"பிள்ள வரலியாம்மா? வலது கால மாத்திராதீங்கன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். நாளைக்கு வருவா."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, புதுப் பந்து ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போகிறார்.